வீட்டுச் சுவருக்குப் பழைய ரயில் போஸ்டர்: அசலா, அச்சுப்படியா, டவுன்லோடா, புதிதாக வரைந்ததா?

கோலாலம்பூரில் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் புதுக் கொண்டோவுக்குக் குடிபோகிறவர்கள், பினாங்கில் பழைய கடைவீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் என்று இரண்டு தரப்பிலிருந்தும் ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. சோபாவுக்கு மேலே பெரிய வெள்ளைச் சுவர் இருக்கிறது, அதில் பழைய ரயில் பயண போஸ்டர் ஒன்று மாட்ட ஆசை. அசலை ஏலத்தில் எடுப்பதா? அருங்காட்சியகம் விற்கும் அச்சுப்படி போதுமா? இணையத்தில் கோப்பு வாங்கிப் பக்கத்துக் கடையில் அடித்துக்கொள்வதா? இல்லை, இங்கேயே ஓர் ஓவியரிடம் வரையச் சொல்வதா?

இந்த ஆசை நம்மவர்களுக்கு வருவதில் வியப்பில்லை. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-ல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறந்தது. அதற்குப் பின் நாடு முழுக்கப் பாதை போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். செந்தூல் ரயில் பட்டறையையும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸையும் பற்றிப் பேச நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் இருப்பார். அதனால் ரயில் படம் நமக்குச் சும்மா ஓர் அலங்காரம் இல்லை. வாங்குவதை யோசித்து வாங்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு உரிமம் பெற்ற நல்ல அச்சுப்படிதான் சரி. மிச்சமாகும் பணத்தைப் பிரேமில் போடுங்கள். விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எல்லாவற்றுக்கும் முன்னால் சுவரைப் பாருங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 65, 70-ஐத் தாண்டினாலே காகிதத்தில் பூசணம் வளர வழி கிடைத்துவிடும். ஐரோப்பியர்கள் எழுதும் அலங்காரக் குறிப்புகளை நம்பி இங்கே மாட்டினால் அடிபடுவது இதனால்தான். இரவில் ஏர்கான் போட்டுப் பகலில் அணைத்துவிடும் அறை இன்னும் மோசம். குளிர்ந்த சுவரில் பகலின் ஈரக்காற்று படும்போது பிரேமின் பின்பக்கம் வியர்க்கும். குளியலறைக்கு அந்தப் பக்கச் சுவர், மழைச்சாரல் நேராக அடிக்கும் வெளிச்சுவர் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பழைய கடைவீடுகளில் தரையிலிருந்து சுவருக்குள் ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு உப்புப் பூத்து உதிரும் சுவரில் எந்தக் காகிதமும் நிலைக்காது.

அடுத்து வெயில். பால்கனி வழியாக மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். பிறகு மிஞ்சுவது நீலம் பாய்ந்த படம். ஹோட்டல் லாபிகளிலும் கிளினிக்குகளிலும் இப்படி நீலமாகிப்போன படங்களை எல்லோருமே பார்த்திருப்போம்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: புகை. சாமி அறையின் விளக்குப் புகையும் சாம்பிராணியும், திறந்த சமையலறையிலிருந்து வரும் தாளிப்பு எண்ணெய்ப் படலமும் கண்ணாடியில் படிவதோடு நிற்பதில்லை. பிரேமின் விளிம்பு சரியாக மூடப்படாவிட்டால் உள்ளேயும் போகும். பூஜை மாடத்துக்குப் பக்கத்துச் சுவர் வேண்டாம்.

சுவர் முடிவானால் மற்றவை எளிது. படத்தின் அளவு, பிரேமையும் சேர்த்து ஆகும் மொத்தச் செலவு, சொந்த வீடா வாடகை வீடா என்பது. கடைசியாக, இந்தப் படம் யாருடைய கதையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு கேள்வி. அதைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை.

அளவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பழைய பிரிட்டிஷ் ரயில் போஸ்டர்கள் முக்கியமாக இரண்டு அளவில் வந்தன. ஒன்று டபுள் ராயல், 25 அங்குல அகலம், 40 அங்குல உயரம். மற்றொன்று குவாட் ராயல், 50 அங்குல அகலம், 40 அங்குல உயரம். குவாட் ராயல் 127 செண்டிமீட்டர் அகலம் என்பதால் மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு மேல் அளவெடுத்ததுபோல் பொருந்தும். டபுள் ராயலுக்கு நடைவழியும் இரண்டு கதவுகளுக்கு இடைப்பட்ட சுவரும் சரியான இடம். இதில் சிக்கல், டபுள் ராயலின் உயர விகிதம் 1.6, நாம் வழக்கமாக அச்சடிக்கும் ஏ2, ஏ1 தாள்களின் விகிதம் 1.41. ஆகவே ஏ2-வில் அடித்தால் இரண்டு பக்கமும் இரண்டரை செண்டிமீட்டர் அளவுக்கு வெள்ளை விட வேண்டும், இல்லாவிட்டால் மேலோ கீழோ வெட்ட வேண்டும். கீழே வெட்டினால் போவது ஊர்ப் பெயரும் ரயில்வே பெயரும். போஸ்டரின் உயிரே அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

## அசல் போஸ்டர்

1920-களிலும் 30-களிலும் அச்சான அசலை ஒருமுறை அருகில் நின்று பார்த்தால் மற்ற எதிலும் மனம் ஒட்டாமல் போகலாம், உண்மைதான். கல் அச்சில் (லித்தோகிராபி) ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றினார்கள். மை காகிதத்தின் மேல் ஒரு கனமான தட்டை நிறமாக உட்கார்ந்திருக்கும். லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேக்கு டாம் பர்விஸ் வரைந்த கடற்கரைகளில் நிழல், மடிப்பு எதுவும் கிடையாது. நான்கைந்து நிறப் பட்டைகளிலேயே வெயில் தெரியும். பிரான்சின் கசாண்ட்ர் 1927-ல் வரைந்த ‘நார்ட் எக்ஸ்பிரஸ்’ போஸ்டர், எஞ்சினைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வைக்கிறது.

விலை? அதிகம் அறியப்படாத ஓவியரின் பிரிட்டிஷ் போஸ்டர் ஏலத்தில் சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கலாம். பெயர் பெற்றவர்களின் படங்கள் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகின்றன. சுத்தியல் விழுந்த விலையோடு கணக்கு முடிவதில்லை. ஏல நிறுவனத்தின் கமிஷன் பெரும்பாலும் 25 சதவீதத்தை ஒட்டி வரும். அப்புறம் காப்பீட்டோடு கூரியர், இங்கே வந்தபின் வரி, கடைசியாகப் பாதுகாப்பான பிரேம். வாங்கிய விலையில் பாதி அளவுக்குக் கூடுதலாகப் போகும் என்று மனத்தில் வைத்துக்கொண்டு ஏலம் கேட்பது நல்லது.

நம் நாட்டைப் பற்றிய அசல்களும் உண்டு. மலாயா கூட்டு மாநில ரயில்வேயும் அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளை இழுக்கப் போஸ்டர் போட்டது. ஆனால் அவை சந்தைக்கு வருவது அரிது, வந்தால் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள். ‘அசல் மலாயா ரயில் போஸ்டர்’ என்று சல்லிசான விலையில் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் சந்தேகப்படுங்கள்.

அசலா என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. நகை பார்க்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடியை வானம் அல்லது கன்னம் மாதிரி வெளிர்நிறப் பகுதியில் வையுங்கள். கல் அச்சு என்றால் சாக்பீஸால் தீற்றியதுபோல் ஒழுங்கற்ற மணிமணியான துகள்கள் தெரியும். பிற்கால ஆப்செட் நகல் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூ வடிவில் வரிசை பிசகாமல் நிற்கும். 1950-களுக்கு வரும்போது அசலிலேயே புகைப்பட முறையில் அச்சானவை உண்டு, அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம். அளவு சரியாக இருக்கிறதா, கீழ் விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா, பின்பக்கப் படம் அனுப்புகிறாரா என்றும் பாருங்கள். மடிப்புக் கோடு இருந்தால் பதற வேண்டாம், பல போஸ்டர்கள் மடித்துத்தான் அனுப்பப்பட்டன. ஜப்பானியக் காகிதமும் துணியும் ஒட்டிப் பின்புறம் வலுப்படுத்தியிருந்தால் அது முறையான வேலை. அட்டையில் சூடாக ஒட்டியிருந்தால் மதிப்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்கோர்ப் மாலிலும், ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் சந்தையிலும் பழைய பொருள் தேடுவது இனிமையான வேலை. ஆனால் அங்கே அசல் போஸ்டரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பழைய கால அட்டவணை, அட்டை டிக்கெட், போஸ்ட்கார்டு மாதிரி சின்னக் காகிதங்களைத் தேடுங்கள், அவற்றுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்தப் போஸ்டர்கள் சில வாரம் ஸ்டேஷன் சுவரில் இருந்துவிட்டுக் கிழிபட வேண்டியவை. மெல்லிய காகிதம், உள்ளே அமிலம். நூறு வருடம் குளிர்நாட்டில் தப்பிப் பிழைத்த ஒன்றை நம் ஈரத்துக்குக் கொண்டுவருகிறோம் என்பதை மறக்கக் கூடாது. ராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் அதன் விலை தெரியாது. சொந்த வீடு, வெயில் படாத உள்சுவர், நாள் முழுக்க ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அறை, இந்த மூன்றும் இருந்து, போஸ்டர் சேகரிப்பே உங்கள் பித்தாகவும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன்.

## உரிமம் பெற்ற அச்சுப்படி

இங்கிலாந்தின் யார்க் நகரத் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் மாதிரி அசல்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், அவற்றை உயர்தரத்தில் ஸ்கேன் செய்து அச்சுப்படி விற்க உரிமம் கொடுக்கின்றன. அசலைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த ஸ்கேன் என்பதால் நிறம் நம்பகமானது. காகிதத்தின் இயல்பான பழுப்பை வெளுக்கடித்துவிடாமல் விட்டிருப்பார்கள்.

வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மை எது? நிறமி மை (பிக்மென்ட்) சாய மையைவிடப் (டை) பல மடங்கு காலம் நிறம் காக்கும். காகிதம் எது? அமிலமில்லாத, பளபளப்பில்லாத, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேற்பட்ட காகிதமாக இருக்கட்டும். கல் அச்சின் தட்டையான நிறம் பளபளத் தாளில் வந்தால் காலண்டர் மாதிரி ஆகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று வரி. 2024 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருளுக்குப் பதிவு பெற்ற விற்பனையாளர்கள் 10 சதவீத விற்பனை வரி வசூலிக்கிறார்கள். 200 வெள்ளிப் படத்துக்கு 20 வெள்ளி, அதன் மேல் கூரியர். இரண்டாவது, பிரேம். ஆயத்தமாகக் கிடைக்கும் பிரேம்கள் 50×70 செண்டிமீட்டர், 61×91 செண்டிமீட்டர் மாதிரி அளவுகளில் வருகின்றன. டபுள் ராயல் முழு அளவு 63.5×101.6. எதிலும் அடங்காது, அளவு கொடுத்துச் செய்யத்தான் வேண்டும். அந்தப் பிரேம் படத்தைவிட அதிகம் கேட்கும். அதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், இந்த நாட்டில் படத்தைக் காப்பாற்றப்போவது அதுதான்.

பூசணம் வந்தால் மனம் வலிக்கும், ஆனால் திரும்ப வாங்கலாம். அசலுக்கும் அச்சுப்படிக்கும் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு இதுவே. குழந்தைகள் இருக்கிற வீடு, தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைத்து நூறு பேர் வந்துபோகிற கூடம், இங்கெல்லாம் இதைவிடச் சரியான தேர்வு எனக்குத் தெரியவில்லை.

## டவுன்லோட் செய்து இங்கேயே அச்சடிப்பது

கோப்பின் விலை சில வெள்ளிதான் என்பதால் இந்த வழி பலரை இழுக்கிறது. வாடகை வீட்டுக்கும் ஓராண்டு ஈராண்டு தங்கும் இடத்துக்கும் இது போதும் என்பதையும் மறுக்கவில்லை.

கணக்கை மட்டும் முன்னாலேயே போட்டுவிடுங்கள். டபுள் ராயல் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமானால் கோப்பு 7,500×12,000 பிக்சல் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 புள்ளி போதும், அதாவது 3,750×6,000. விற்கிறவர் கொடுப்பது 2,000 பிக்சல் அகலம் என்றால் ஏ4-க்கு நன்றாக இருக்கும், ஏ2-வுக்குப் போனால் எழுத்துகளின் ஓரம் மசமசக்கும். முழுப் படத்தையும் அடிப்பதற்கு முன், ஊர்ப் பெயர் வரும் பகுதியை மட்டும் உண்மை அளவில் ஓர் ஏ4 தாளில் அடித்துத் தரச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம், தெளிவு உடனே கிடைத்துவிடும்.

எங்கே அடிப்பது என்பதும் முக்கியம். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பேனர் அடிக்கும் கடையில் சீக்கிரமாகவும் மலிவாகவும் முடியும், ஆனால் பிளாஸ்டிக் தாளில் பிளாஸ்டிக் போலவே வரும். புகைப்படக் கலைஞர்கள் போகும் அச்சகத்தில் பருத்திக் காகிதமும் நிறமி மையும் கேளுங்கள். அங்கே போனால் அச்சுப்படி வாங்குவதற்கும் இதற்கும் விலை வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் உரிமை. மலேசியச் சட்டத்தில் பதிப்புரிமை படைத்தவர் இறந்து 50 ஆண்டு வரை, பிரிட்டனில் 70 ஆண்டு வரை. ரயில்வேக்குக் கடலும் மலையும் வரைந்த நார்மன் வில்கின்சன் 1971-ல் இறந்தார். அவர் படங்கள் பிரிட்டனில் இன்னும் உரிமைக்கு உட்பட்டவை. இணையக் கடையில் கோப்பு விற்கிறவரிடம் விற்கும் உரிமை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பலர் பதிலே போடமாட்டார்கள்.

## உள்ளூர் ஓவியரிடம் புதிதாக வரைவது

மேலே சொன்ன ‘யாருடைய கதை’ என்ற கேள்விக்கு நேரான பதில் இந்த வழியில்தான் கிடைக்கிறது.

அந்தக் காலத்துப் பயண போஸ்டர்கள் டிக்கெட் வாங்கப் பணமுள்ளவர்களுக்காகப் போடப்பட்டவை. தென்னை மரம், மலை, அழகான ஸ்டேஷன், தொப்பி போட்ட பயணி இருப்பார்கள். வெயிலில் சல்லி கொட்டியவரும், ராத்திரி சிக்னல் பெட்டியில் உட்கார்ந்திருந்தவரும், பட்டறையில் கொதிகலன் தட்டியவரும் அந்தப் படங்களில் இடம்பெறவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் அந்தப் போஸ்டர் மட்டும் தொங்குவது எனக்குப் போதாது என்றே தோன்றுகிறது. அதே தட்டை நிறம், அதே பெரிய எழுத்து, ஆனால் நம் ஊர், நம் ஆள் என்று ஒரு படம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வரைவதற்கு விஷயம் கொட்டிக் கிடக்கிறது. கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1910-ல் திறந்த கோலாலம்பூர் ஸ்டேஷனின் வெள்ளைக் குவிமாடங்கள், அதற்கு எதிரே 1917-ல் எழுந்த ரயில்வே தலைமையகம். பினாங்கில் வெல்ட் கீ கரையிலுள்ள மணிக்கூண்டுக் கட்டடம், தண்டவாளமே வராத ரயில் நிலையம் அது. அங்கே டிக்கெட் வாங்கி, படகேறிக் கடலைக் கடந்துபோய் ரயில் பிடித்தார்கள். 1923-ல் ஓடத் தொடங்கிய பினாங்கு மலை ரயிலும் இருக்கிறது. இவற்றோடு தமிழில் ஊர்ப் பெயர் எழுதிய ஒரு போஸ்டரை நினைத்துப் பாருங்கள். ‘செந்தூல்’ என்று பெரிய எழுத்தில் போட்ட ரயில் போஸ்டரை எந்த ஏலத்திலும் எடுக்க முடியாது.

பினாங்கில் ஹின் பஸ் டிப்போ கலைக்கூடத்திலும், கோலாலம்பூரில் பசார் செனியிலும் ஓவியர்களை நேரில் சந்திக்கலாம். விலை ஆளுக்கு ஆள் மாறும். பேசும்போது எத்தனை முறை திருத்தம் செய்துதருவார், படத்தின் கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா, அவர் அதே படத்தை மற்றவருக்கும் விற்பாரா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தாவின் புகைப்படம், வேலை நியமனக் கடிதம் இருந்தால் ஓவியரிடம் ஸ்கேனைக் கொடுங்கள், மூலம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். தமிழ் எழுத்தை ஓவியரின் கணினியில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவுக்கு விட்டுவிடாதீர்கள். கையால் வரையச் சொல்லுங்கள், முடிந்ததும் ஒற்றுப்பிழை பார்த்துவிடுங்கள்.

அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. புதுமனைப் புகுவிழா அடுத்த வாரம் என்றால் அச்சுப்படிதான்.

பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் விற்கும் தகரப் பலகையையும் கேன்வாஸ் பிரிண்டையும் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். தகரம் கடற்காற்றில் துருவேறும், கேன்வாஸுக்குக் கண்ணாடி இல்லாததால் தூசியும் எண்ணெயும் நேராக அதன்மேல் படியும். இரண்டையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

## பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| | அசல் | உரிம அச்சுப்படி | டவுன்லோட் | புதிதாக வரைந்தது |
|---|---|---|---|---|
| படத்தின் விலை | மிக அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | ஓவியரைப் பொறுத்தது |
| மறை செலவு | கமிஷன், காப்பீடு, பராமரிப்பு | வரி, கூரியர், பிரேம் | நல்ல காகிதம், மறு அச்சு | திருத்தம், காத்திருப்பு |
| ஈரத்தில் கெட்டால் | திரும்பக் கிடைக்காது | மறுபடி வாங்கலாம் | மறுபடி அடிக்கலாம் | கோப்பு இருந்தால் அடிக்கலாம் |
| ஏற்ற வீடு | சொந்த வீடு, கட்டுப்பாடான அறை | எந்த வீடும் | வாடகை வீடு | சொல்ல ஒரு குடும்பக் கதை உள்ள வீடு |

## பிரேம் கடையில் சொல்ல வேண்டியவை

எதை வாங்கினாலும் இந்த வேலை ஒன்றுதான். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. இடையில் மவுண்ட் அட்டையோ, விளிம்பில் ஒளிந்திருக்கும் சட்டமோ வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் ஈரத்தில் மை கண்ணாடிக்கு மாறிவிடும். பின்பலகைக்குச் சாதாரண ஹார்ட்போர்டு வேண்டாம், அமிலமில்லாத அட்டை கேளுங்கள். பெரிய அளவுக்குக் கண்ணாடி கனமாகிவிடும், அதனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் நல்லது. அசலாக இருந்தால் எந்த டேப்பும் கூடாது. ஜப்பானியக் காகிதக் கீலும் கோதுமைப் பசையும் பயன்படுத்தத் தெரிந்த கடையாகத் தேடுங்கள். ‘அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் சுருங்காது’ என்று கடைக்காரர் சொன்னால் அச்சுப்படிக்குச் சரி என்று சொல்லுங்கள், அசலுக்குக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

மாட்டும்போது பிரேமின் கீழ் இரண்டு மூலையிலும் பின்னால் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். வாடகை வீட்டில் ஒட்டுப்பட்டையை நம்பிப் பெரிய பிரேமைத் தொங்கவிட வேண்டாம், ஈரத்தில் பிடி தளரும். வீட்டுக்காரரிடம் கேட்டு டிரில் போடுங்கள், இல்லையென்றால் அலமாரி மேல் சாய்த்து வையுங்கள். தீபாவளிக்குத் துடைக்கும்போது கண்ணாடி மேல் நேராக ஸ்பிரே அடித்தால் திரவம் கீழே வழிந்து பிரேமின் இடுக்கு வழியாகக் காகிதத்தை எட்டிவிடும். துணியில் அடித்துத் துடையுங்கள். அதே சாக்கில் படத்தை இறக்கிப் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பழுப்புப் புள்ளிகளோ மண் தடமோ தெரிந்தால் திரும்ப மாட்டாமல் அன்றைக்கே பிரேம் கடைக்குக் கொண்டுபோங்கள்.